லங்கணம் பூனைக்கு மருந்தல்ல

பூனையைப் பற்றி நமது சங்க இதழில் ஒரு கட்டுரையா என்று சிலர் புன்னகை செய்யலாம். ஆனால் மும்பையிலும் தில்லியிலும் கடல் கடந்த ஊர்களிலும் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று பூனையும் குடும்பத்தில் ஒருவர். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்குத் துணையாக இருப்பதும் சில வீடுகளில் ஒரு பூனைதான். அந்தப் பூனை உணவைத் தொடாமல் படுத்துக்கொண்டால், அடிக்கடி வாந்தி எடுத்தால், என்ன செய்வது? எதைச் செய்யக் கூடாது? இவற்றை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். அந்தத் தவறு மற்றவர்களுக்கு நேராமல் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கல்பாத்தியில் நடந்தது

என் சொந்த ஊர் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தி. பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் ஆற்றங்கரையில் அமைத்த அக்ரகாரம் அது. 1425ஆம் ஆண்டு கட்டப்பட்டதாகக் கூறப்படும் விசுவநாத சுவாமி கோயிலும், ஐப்பசி மாதக் கடைசியில் நடக்கும் தேரோட்டமும் நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்தவையே. எழுபத்தெட்டு வயதான என் தாயார் அங்கே தனியாக இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் மூவரும் வெளியூர்களில். வீட்டில் அவருக்குத் துணை குட்டன் என்னும் ஆறு வயதுப் பூனை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் ஓட்டுக் கூரைகளில் தெரு முழுவதும் சுற்றிவிட்டு, அம்மா சாப்பிட உட்காரும் நேரத்துக்குத் தவறாமல் வந்து நிற்பான். தயிர்சாதமும் பாலும் தின்று நன்றாகக் கொழுத்திருந்தான்.

2023ஆம் ஆண்டு தேருக்கு நான் மும்பையிலிருந்து போயிருந்தேன். வீடு நிறைய உறவினர். முதல் தேரன்று விடியற்காலையில் குட்டன் கொல்லைப்புறத்தில் நுரையாக வாந்தி எடுத்தான். காலைச் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

"கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு பயந்திருக்கான், அதாக்கும். ஒரு நாள் லங்கணம் போட்டாச் சரியாயிடும்" என்றார் அம்மா. லங்கணம் பரம ஔஷதம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். வயிறு சரியில்லையென்றால் எங்களுக்கெல்லாம் பட்டினியும் சுக்குவெந்நீரும்தான் மருந்து. எனவே எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இரண்டாம் நாளும் அதே நிலை. தண்ணீர் குடித்தால்கூட மஞ்சளாக வாந்தி. மரப்பத்தாயத்தின் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். "தேர் கழியட்டும், டாக்டர்கிட்டே கொண்டுபோகலாம்" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை. தேர்கள் எல்லாம் ஒன்றுகூடும் தேவரத சங்கமத்தைக் காணத் தெருவெல்லாம் ஜனம். குட்டனின் காதைத் தொட்டேன், சுட்டது. பக்கத்து வீட்டு மாமி பரிவோடு, "கொழந்தைகளுக்குக் குடுக்கற ஜுர மருந்து இருக்கு. அரை ஸ்பூன் குடுத்துப் பாரேன்" என்று பாரசிட்டமால் சிரப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பூனில் ஊற்றியும் விட்டேன். ஏதோ தோன்றி, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த என் அக்காள் மகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். "மாமா, அதைக் கீழே வையுங்கோ! ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. மூணு நாள் சாப்பிடலையா? ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தேள்?" என்றாள். அவள் குரலில் இருந்த பதற்றம் இன்றும் என் காதில் இருக்கிறது.

நாக்குக்கு அடியில் இருந்த நூல்

மறுநாள் காலை பாலக்காட்டில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. குட்டனின் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழிருந்து கட்டைவிரலால் அழுத்தி, நாக்கை மேலே தூக்கிப் பார்த்தார். நாக்கின் வேரைச் சுற்றி ஒரு வெள்ளை நூல்! தேருக்காக வீட்டில் மூன்று நாளாகப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தோம். மிச்ச நூலும் உதிர்ந்த பூவும் கூடத்து மூலையில் கிடந்தன. குட்டன் விளையாடியபடியே நூலை விழுங்கியிருக்கிறான்.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உட்புறமாக வளைந்தவை. எனவே வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய்விடுகிறது. குடல் தன் இயல்பான அசைவினால் அந்த நூலின் மேல் ஏறி ஏறி, நாடா கோத்த பாவாடையைப்போலச் சுருங்கிக்கொள்கிறது. இறுகிய நூல் நாளடைவில் குடலை அறுத்துவிடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் அதை ஒருபோதும் இழுக்கக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். இழுத்தால் குடல் கிழியும்.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்தபின் அவர் எங்களைத் திருச்சூருக்கு அருகே, சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவில் மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். 1955இல் தொடங்கிய கல்லூரி அது. அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு முழ நூல் வெளியே வந்தது. தெய்வாதீனமாகக் குடல் அறுபடவில்லை.

பட்டினி ஏன் ஆபத்து?

நூல் வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தோம். ஆனால் குட்டன் அதன் பின்னும் சாப்பிடவில்லை. இரண்டு நாளில் காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாயின. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான்.

மனிதனோ நாயோ சில நாள் பட்டினி கிடந்தால், உடம்பில் சேர்ந்துள்ள கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். பூனையின் உடலமைப்பு வேறு. அது உணவை நிறுத்தியதும் உடலின் கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலுக்கு வந்து சேருகிறது. அவ்வளவையும் எரித்து முடிக்கும் சக்தி அதன் கல்லீரலுக்கு இல்லை. கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கி, மஞ்சள் காமாலை உண்டாகிறது. இதனால் குமட்டல் அதிகமாகி, பூனை உணவை மேலும் வெறுக்கிறது. சில நாள் பட்டினியே இதற்குப் போதும். நன்றாகக் கொழுத்த பூனைக்குத்தான் இந்த அபாயம் அதிகம். "தின்று கொழுத்தவன்தானே, நாலு நாள் தாங்குவான்" என்று நாம் நினைப்பது நேர்மாறான எண்ணம்.

இந்த நோய்க்குப் பிரதான மருந்து உணவே. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் மரணம். விடாமல் உணவு செலுத்தினால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. எனவே குட்டனின் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் பொருத்தி, எப்படி ஊட்டுவது என்று கற்றுக்கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஐந்து கிலோ எடையுள்ள பூனைக்கு, படுத்திருக்கும் நிலையில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 230 கலோரி வேண்டும். பட்டினி கிடந்த உடம்பில் அதை ஒரேயடியாகக் கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் திடீரென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழு அளவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நாளைக்கு ஆறு வேளை. உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஸிரிஞ்சு மூலம் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகச் செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் சிறிது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வாந்தியை நிறுத்தும் ஊசியும் மருத்துவர் சொன்ன கணக்குப்படி போட்டோம்.

சைவ வீட்டில் அசைவ நோயாளி

இங்கே எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. குழாயில் செலுத்த வேண்டிய உணவு இறைச்சியால் ஆனது. வெங்காயம் பூண்டுகூட விலக்கிய சமையலறை என் தாயாருடையது. பால், தயிர், பருப்பு இவற்றால் சமாளிக்க முடியாதா என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

பூனை முற்றிலும் ஊன் உண்ணும் பிராணி. டாரின் என்னும் சத்தை அது தன் உடம்பில் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பதை 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே குறைவினால் இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்பதும், டாரின் கொடுத்தால் அது சரியாகிறது என்பதும் 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நிரூபிக்கப்பட்டன. அரிசியிலும் பருப்பிலும் டாரின் இல்லை. பாலில் மிகக் குறைவு. அதிலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும். இத்தனை காலம் குட்டன் பிழைத்திருந்தது ஓட்டின் மேலும் பத்தாயத்தின் கீழும் அவன் பிடித்த எலிகளால்தான்.

இதை நான் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுக்கு அதோட தர்மம், நமக்கு நம்ம தர்மம். பகவான் அப்படிப் படைச்சிருக்கான். கொல்லையிலே தனிக் கிண்ணமும் தனி ஸ்பூனும் வைச்சுக்கோ. நான் பிடிச்சுக்கறேன், நீ கொடு" என்றார். மூன்றாம் நாளே ஸிரிஞ்சைத் தானே வாங்கிக்கொண்டார். ஊட்டி முடித்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வருவார். கார்த்திகை மாதக் குளிரிலும் இதில் ஒரு நாள் தவறவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மருத்துவரிடம் போகுமுன் கீழ்க்கண்டவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிக்க இவை அவருக்கு மிகவும் உதவும்.

1. கடைசியாக நன்றாகச் சாப்பிட்டது எப்போது? எத்தனை முறை வாந்தி? நுரையா, மஞ்சள் நீரா, செரிக்காத உணவா, முடி உருண்டையா, இரத்தமா? முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. சிறுநீரும் மலமும் போகிறதா? ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். வாந்தியும் வரும். இதற்கு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

3. ஈற்றின் நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுப்போ, மஞ்சளோ, பழுப்போ ஆபத்தின் அறிகுறி.

4. தோள்பட்டைக்கு நடுவே தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம்போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. வயதான, மெலிந்த பூனைக்கு இந்தச் சோதனை அவ்வளவு பொருந்தாது.

5. பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நமக்கு ஜுரம் என்று தோன்றும் சூடு அதற்கு இயல்பானது. காதைத் தொட்டு முடிவு செய்வது என் அறியாமை.

6. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டக் கூடாது.

ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு வழக்கம்போல் விளையாடி உண்ணும் பூனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடவில்லையென்றாலோ, ஒரே நாளில் பல முறை வாந்தி எடுத்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். குட்டிகளுக்கு அந்த ஒரு நாளும் அதிகம். தடுப்பூசி போடாத குட்டி உணவை வெறுத்து வாந்தி எடுத்தால், பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கக்கூடும். மற்றப் பூனைகளிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள். வயதான பூனை மெலிந்து, அதிகமாகத் தண்ணீர் குடித்து, அவ்வப்போது வாந்தி எடுத்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கும். ஒரு மாத்திரையே கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அதற்கு மாற்று மருந்து உண்டு. ஒரு மணி நேரமும் வீணாக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். மற்ற வலி மருந்துகளையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். நாய்க்குரிய உண்ணி மருந்துகளில் பல பெர்மெத்ரின் கொண்டவை. அவற்றையும் பூனைமேல் தடவாதீர்கள்.

வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். சாம்பார் சாதம், ரச சாதம் வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்போர் லில்லிப் பூங்கொத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் மகரந்தம் உடம்பில் பட்டு அதை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கும். நம் ஊர் வேலிகளில் படரும் செங்காந்தளும் விஷச் செடியே.

வாந்தியைத் துடைக்கப் பினாயில் ஊற்றிக் கழுவுவது நம் வழக்கம். அது காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். சோப்புத் தண்ணீரே போதும்.

சோர்ந்து படுத்த பூனையின் வாயில் தண்ணீரையோ கஞ்சியையோ வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். பிடிக்காத உணவை வாயில் திணித்தால் பூனை அந்த உணவையே பிறகு வெறுக்கும். வாந்தி நின்றபின், நல்ல மணமுள்ள உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கி, சிறிது சிறிதாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தொடாவிட்டால் அரை மணியில் எடுத்துவிட்டுப் புதியதாக வையுங்கள்.

இன்னொன்று: விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கும் பூனையின் வாயில், முக்கியமாக அது தெருவில் திரிவதாக இருந்தால், நீங்களே கையை விடாதீர்கள். வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிறகு நடந்தது

பத்து நாள் விடுப்பில் போன நான் ஒரு மாதத்துக்கு மேல் கல்பாத்தியில் இருந்தேன். இருபத்து மூன்றாம் நாள் காலை அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஸிரிஞ்சை எடுக்கத் திரும்பினார். அதற்குள் குட்டன் கிண்ணத்தில் வாயை வைத்துவிட்டான். நாலு வாய்தான். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சில நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள்.

அந்த மூன்று நாள் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உறுத்துகிறது. நூலை விழுங்கியது பூனையின் இயல்பு. மறுநாளே மருத்துவரிடம் போகாதது என் பிழை. போயிருந்தால் கல்லீரல் நோயும் குழாயும் இல்லாமலே போயிருக்கக்கூடும்.

இப்போது கல்பாத்தி வீட்டில் பூத்தொடுத்து முடிந்ததும் மிச்ச நூலைச் சுருட்டி மூடி போட்ட டப்பாவில் வைக்கிறார்கள். கொல்லைப்புற அலமாரியில் குட்டனின் உணவுப் பொட்டலம் தனியாக இருக்கிறது. ஞாயிறுதோறும் நான் தொலைபேசியில் பேசும்போது முதலில் அம்மா சாப்பிட்டாரா என்று கேட்கிறேன். அடுத்தபடியாகக் குட்டன் சாப்பிட்டானா என்று கேட்கிறேன். ஊரில் பெற்றோரையும் அவர்களுக்குத் துணையாக ஒரு பூனையையும் விட்டுவந்திருக்கும் அன்பர்கள், இந்த இரண்டாவது கேள்வியையும் மறக்காமல் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன். "நேத்திலேருந்து சாப்பிடலை" என்று பதில் வந்தால், பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவருக்கு அப்போதே சொல்லி அனுப்புங்கள்.